டி டெஸ்ட்டில் பி மதிப்பு 0.012 வந்திருக்கிறது, இன்செர்ட்டை மாற்றிவிடலாமா?

போர்கேஜ்62, திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம். கோவையில் மோட்டார், பம்ப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு யூனிட்டில் தரப் பிரிவில் இருக்கிறேன். பிரச்சினை இதுதான். மோட்டாரின் ஓரத்தை மூடும் அலுமினிய எண்ட் ஷீல்டு, அதில் 6206 பேரிங் உட்காரும் போர், அதாவது துளை. டிராயிங்கில் 62 எச்7, அதாவது 62.000 மில்லிமீட்டரிலிருந்து 62.030 வரைக்கும் போகலாம். மூன்று மாதமாக ஓவர்சைஸ் ரிஜெக்‌ஷன் தலைவலி. இன்செர்ட், அதாவது போரைக் கடையும் வெட்டுமுனையின் கிரேடை மாற்றிப் பார்க்கலாம் என்று சப்ளையர் சொன்னார், சரி என்று ட்ரையல் எடுத்தோம்.

பழைய இன்செர்ட்டில் 30 பீஸ்: சராசரி 62.018, திட்ட விலக்கம் 0.006.
புது இன்செர்ட்டில் 30 பீஸ்: சராசரி 62.014, திட்ட விலக்கம் அதே 0.006.

இரண்டு சராசரியும் உண்மையிலேயே வேறா என்று பார்க்கும் இரண்டு சாம்பிள் டி டெஸ்ட் போட்டேன். டி மதிப்பு 2.58. பி மதிப்பு, அதாவது உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு, 0.012. 0.05-க்குக் கீழே இருப்பதால் புது இன்செர்ட் நிச்சயமாக வித்தியாசம் காட்டுகிறது என்று ரிப்போர்ட் எழுதிவிட்டேன். மேனேஜர் வெள்ளிக்கிழமை ரிவ்யூவில் இதை வைக்கச் சொல்கிறார். புது இன்செர்ட் விலை கூட. அதனால் வாங்கச் சொல்வதற்கு முன்னால் இங்கே ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. டெஸ்ட் சரியாகத்தான் போட்டிருக்கிறேனா?

ஓசூர்_சிக்ஸ்சிக்மா, திங்கள் இரவு

கணக்கு சரி, நானும் போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் விலக்கம் ஒரே அளவு, எண்ணிக்கையும் ஒரே அளவு என்பதால் விலக்கம் வேறுவேறாக இருந்தால் போடும் வெல்ச் முறையில் போட்டாலும் இதே விடைதான் வரும். ஆண்டர்சன் டார்லிங் டெஸ்ட் போட்டு எண்கள் நார்மல், அதாவது மணி வடிவப் பரவல்தானா என்று பார்த்தீர்களா? 30 பீஸுக்கு அது பெரிய கவலை இல்லை, ஆனாலும் ஹிஸ்டோகிராம் ஒன்று போட்டுப் பாருங்கள். போர் கேஜ் 1 மைக்ரான் (0.001 மில்லி) படிதானே காட்டும்? ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் ஆண்டர்சன் டார்லிங் அதையே காரணமாக வைத்து நார்மல் இல்லை என்று சொல்லிவிடும், அதை வைத்துப் பயப்பட வேண்டாம்.

எனக்கு உறுத்துவது வேறு. சிபிகே என்பது சராசரியிலிருந்து பக்கத்து டாலரன்ஸ் எல்லை வரை உள்ள தூரத்தை மூன்று சிக்மாவால், அதாவது மூன்று திட்ட விலக்கத்தால் வகுப்பது. பழையதுக்கு 12-ஐ 18-ஆல் வகுத்தால் 0.67. புதுசுக்கு 14-ஐ 18-ஆல் வகுத்தால் 0.78. கஸ்டமர் 1.33 கேட்பார். சராசரியை நட்டநடுவில் 62.015-க்கே கொண்டுபோய் வைத்தாலும் இந்த விலக்கத்தில் 0.83-க்கு மேல் ஏறாது. 1.33 வேண்டுமென்றால் சிக்மா 3.75 மைக்ரானுக்குள் வர வேண்டும். பி மதிப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் உங்கள் ரிஜெக்‌ஷன் இந்த இன்செர்ட்டால் போகப் போவதில்லை. இதை ரிவ்யூவில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

பட்டறை_பழசு, செவ்வாய் காலை

தம்பி, அந்த 60 எண்ணையும் எந்த வரிசையில் கடைந்தீர்களோ அதே வரிசையில் ஒரு கிராஃப் பேப்பரில் புள்ளி வைத்தீர்களா? மினிடேப் சாஃப்ட்வேரில் இரண்டு பத்தியாகப் போட்டவுடனே வரிசை போய்விடுகிறது. டி டெஸ்ட் ஒவ்வொரு பீஸும் முந்தின பீஸைச் சாராதது என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. சிஎன்சியில் அப்படி இருக்காது. இன்செர்ட் தேயத் தேய போர் சின்னதாகிக்கொண்டே போகும், ஆப்பரேட்டர் ஆஃப்செட் கொடுத்தால், அதாவது மெஷினில் வெட்டுமுனையின் நிலையைத் திருத்தினால், திடீரென்று ஏறும். ரம்பப் பல் மாதிரி இருக்கும். அந்தப் பல்லில் எந்த இடத்தில் இருந்து 30 பீஸ் எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து எந்த பி மதிப்பும் வரும்.

கண்ட்ரோல் சார்ட்டைத் தொடங்கி வைத்த ஷூஹார்ட் 1924 மே மாதம் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் தன் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் குறிப்பில் இருந்ததே கால வரிசையில் வைத்த புள்ளிகளும் அதற்கு எல்லைக்கோடும்தான். நூறு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் நாம் சராசரியை மட்டும் பார்க்கிறோம்.

எப்போது எடுத்தீர்கள், யார் அளந்தார், எங்கே வைத்து அளந்தார் எல்லாம் எழுதுங்கள். அப்புறம் பேசலாம்.

போர்கேஜ்62, செவ்வாய் மதியம்

நன்றி அண்ணா, சார். கேட்டதற்கெல்லாம் பதில்.

ட்ரையல் ஓடும்போது ஆஃப்செட் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன், தொடவில்லை. பழைய இன்செர்ட் புதன்கிழமை மதியம் 2 மணியிலிருந்து 4 மணிக்குள். புது இன்செர்ட் மறுநாள் காலை 7 மணி ஷிஃப்டில். அளந்தது ஒரே ஆள், ஒரே போர் கேஜ், மெஷின் பக்கத்திலேயே. ஷிஃப்ட் தொடக்கத்தில் ஏசி ரூமில், சரியான அளவு தெரிந்த மாஸ்டர் ரிங்கில் கேஜை ஜீரோ செட் பண்ணிக் கொண்டுவருவார். பீஸ் மெஷினை விட்டு வந்தவுடனே அளப்பது வழக்கம், வேலை நெருக்கினால் நாலைந்து சேர்ந்த பிறகும் அளப்பார். கேஜாலும் அளக்கும் ஆளாலும் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பார்க்கும் கேஜ் ஆர் அண்ட் ஆர் போன மாதம்தான் போட்டோம். 10 பீஸ், 3 ஆள், 3 தடவை. டாலரன்ஸில் 14 சதவீதம் வந்தது. 10-க்கு மேல், 30-க்குக் கீழ், ஏற்றுக்கொள்ளும் அளவுதான். அதனால் கேஜ் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

வரிசைப்படி புள்ளி வைத்துவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரி ரம்பப் பல் தெரியவில்லை. மேலும் கீழுமாகக் கன்னாபின்னாவென்று குதிக்கிறது. ஒரு பீஸ் 62.026, அடுத்தது 62.013, அதற்கடுத்தது 62.022.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது தனிப் பிரச்சினை, இதற்கு வேறு 8டி (புகாரின் காரணத்தைத் தேடும் எட்டுப் படி விசாரணை) ஓடுகிறது. கஸ்டமர் அசெம்ப்ளியில் சில பீஸில் பேரிங் டைட்டாக இருக்கிறது, கையால் தள்ளினால் உட்காரவில்லை என்று இரண்டு புகார் வந்திருக்கிறது.

மில்_லேப், செவ்வாய் மாலை

நான் நூல் மில்லில் லேப் பார்க்கிறேன், மெஷின் ஷாப் எனக்குத் தெரியாது. ஆனால் மெஷினை விட்டு வந்தவுடனே அளப்பது என்று படித்ததும் எழுதத் தோன்றியது. எங்களிடம் நூலை எடுத்த உடனே சோதிக்க மாட்டோம். 27 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் வைத்து, நூல் அந்தக் காற்றோடு சமமாகும் வரை காத்திருந்து அப்புறம்தான் கவுண்ட்டும் (நூலின் பருமன் எண்) ஸ்ட்ரெங்த்தும் பார்ப்போம். பஞ்சு ஈரம் குடிக்கும். ஈரம் ஏறினால் எடை ஏறும், எடை ஏறினால் கவுண்ட் மாறும். ஹியூமிடிஃபையர் நின்றுபோன ஒரு நாளில் எடுத்த கவுண்ட்டை வைத்துக்கொண்டு நூல் நூற்கும் ரிங் ஃபிரேமையே மாற்றி அமைத்த கதை எங்கள் பக்கம் நடந்திருக்கிறது. மறுநாள் காலையில் எல்லாவற்றையும் பழையபடி மாற்ற வேண்டியதாயிற்று.

உங்கள் உலோகத்துக்கு ஈரம் இல்லை, சூடு உண்டல்லவா? மெஷினை விட்டு வரும்போது கையால் தொட்டால் எப்படி இருக்கும்?

மெட்ராலஜி_அம்பத்தூர், செவ்வாய் இரவு

மேடம் கை வைத்த இடத்தில்தான் எல்லாமே இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

முதலில் நண்பர் தனிப் பிரச்சினை என்று ஒதுக்கிய கடைசி வரி. உள்ளே ஓவர்சைஸ் என்று பீஸைத் தள்ளுகிறீர்கள். தேறிப் போன பீஸை வாங்கியவர் டைட் என்கிறார். ஒரே போர் உங்கள் கையில் பெரிசாகவும் அவர் கையில் சின்னதாகவும் இருக்க வேண்டுமென்றால் நடுவில் ஒன்று மாறியிருக்க வேண்டும். பீஸ் ஆறிப்போனது, அவ்வளவுதான்.

கணக்குப் போடுவோம். அலுமினியம் ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் சுமார் 23 பங்கு விரியும். 62 மில்லி போர் என்றால் டிகிரிக்கு 1.43 மைக்ரான். 10 டிகிரி சூடு இருந்தால் 14 மைக்ரான், உங்கள் டாலரன்ஸில் கிட்டத்தட்ட பாதி. டிராயிங்கில் தனியாக எதுவும் சொல்லாவிட்டால் எந்த அளவும் 20 டிகிரியில் இருக்கும் அளவு என்பது ஐஎஸ்ஓ 1 என்ற சர்வதேசத் தரநிலை சொல்வது. ஐஎஸ்ஓவின் முதல் எண்ணே இதற்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். மெஷினை விட்டு வரும் அலுமினிய பீஸ் 20 டிகிரியில் இருக்காது, அதுவும் ஏப்ரல் மாத மதியத்தில். மாஸ்டர் ரிங்கோ ஏசி ரூமில் 22-ல் குளிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. குளிர்ந்த ரிங்கில் ஜீரோ வைத்துவிட்டு சூடான பீஸை அளந்தால் பீஸ் எப்போதும் பெரிசாகத்தான் காட்டும்.

இப்போது உங்கள் டி டெஸ்ட். இரண்டு சராசரிக்கும் வித்தியாசம் 4 மைக்ரான். 4-ஐ 1.43-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3 டிகிரி. மதியம் 2 மணிக்கும் காலை 7 மணிக்கும் கூலன்ட் டேங்கில் 3 டிகிரி வித்தியாசம் இருக்காதா? நீங்கள் இன்செர்ட்டைச் சோதித்ததாக நினைக்கிறீர்கள், காலையையும் மதியத்தையும் சோதித்திருக்கிறீர்கள். 0.012 பொய் சொல்லவில்லை. இரண்டு குவியலுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்றுதான் அது சொல்கிறது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று அதைக் கேட்க முடியாது.

புள்ளிகள் கன்னாபின்னாவென்று குதிப்பதற்கும் காரணம் உங்கள் பதிலிலேயே இருக்கிறது. சில பீஸை உடனே அளக்கிறார், சிலதை நாலைந்து சேர்ந்த பிறகு. ஒன்று 36 டிகிரியில், இன்னொன்று 31-ல்.

ஓசூர்_சிக்ஸ்சிக்மா, செவ்வாய் இரவு

ஆனால் சார், ஆர் அண்ட் ஆர் 14 சதவீதம் வந்திருக்கிறதே? அளவையில் இவ்வளவு ஓட்டை இருந்தால் அதில் தெரிந்திருக்க வேண்டாமா?

மெட்ராலஜி_அம்பத்தூர், செவ்வாய் இரவு

எங்கே போட்டார்கள் என்று கேளுங்கள். ஏசி ரூமில், ஆறின 10 பீஸை டேபிளில் அடுக்கி, மூன்று பேரும் வரிசையாக அளந்திருப்பார்கள். ஆடிட்டுக்காகப் பெரும்பாலும் அப்படித்தான் போடுகிறோம். அதில் கேஜும் ஆளும் மட்டும்தான் தேர்வுக்கு உட்கார்ந்தார்கள், சூடு அறைக்குள்ளேயே வரவில்லை. எந்த நிலையில் தினமும் அளக்கிறோமோ அதே நிலையில் போடாத ஆர் அண்ட் ஆர் அந்த அறைக்கு மட்டும்தான் செல்லும்.

புதுசு_க்யூஏ, புதன் காலை

இழையைத் திசை திருப்புவதாக நினைக்க வேண்டாம், எனக்கும் இதே மாதிரி ஒரு சந்தேகம். வேலையில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. எங்களிடம் அளவு கிடையாது, ஓகே அல்லது நாட் ஓகே மட்டும்தான், லீக் டெஸ்ட். முன்னால் 2 சதவீதம் லீக். ஓ ரிங் பள்ளத்தைச் சரிபண்ணிய பிறகு 100 பீஸ் ஓட்டினோம், ஒன்றுகூட லீக் இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்று மூடிவிடலாமா? எந்த டெஸ்ட் போடணும்?

ஓசூர்_சிக்ஸ்சிக்மா, புதன் காலை

நல்ல கேள்வி, கேட்டதில் தப்பே இல்லை. எளிய கணக்கு ஒன்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டிய பீஸில் ஒரு குறைகூட வரவில்லை என்றால், உண்மையான குறை விகிதம் 95 சதவீத நம்பிக்கையோடு 3-ஐ பீஸ் எண்ணிக்கையால் வகுத்ததற்குள் இருக்கும் என்றுதான் சொல்லலாம். 100 பீஸில் பூஜ்யம் என்றால் 3 சதவீதம் வரைக்கும் இருக்கலாம். நீங்கள் ஆரம்பித்ததே 2 சதவீதத்தில். ஆகவே 100 பீஸ் எதையும் நிரூபிக்கவில்லை. 300 பீஸில் பூஜ்யம் வந்தால் 1 சதவீதத்துக்குள் என்று சொல்லலாம்.

2 சதவீதம் 1 சதவீதமாகக் குறைந்ததா என்று இரண்டு விகித டெஸ்ட் போட்டுக் கண்டுபிடிக்க, 80 சதவீத பவர், அதாவது இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்க 80 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் பக்கத்துக்கு சுமார் 2300 பீஸ் தேவை. அதனால்தான் முடிந்த இடத்திலெல்லாம் ஓகே, நாட் ஓகேயை விட்டு அளவுக்குப் போகச் சொல்கிறேன். உங்கள் லீக் டெஸ்டர் பிரஷர் டிராப்பை எண்ணாகக் காட்டுமே, அதை எழுதி வையுங்கள். 30 பீஸிலேயே கதை தெரிந்துவிடும். ஆனால் அது நார்மலாக இருக்காது, பூஜ்யத்தில் முட்டிக்கொண்டு ஒரு பக்கம் வால் நீளும். அதற்கு, நார்மலாக இருக்க வேண்டிய தேவையில்லாத மான் விட்னி டெஸ்ட் போடுங்கள், டி டெஸ்ட் வேண்டாம்.

மில்_லேப், புதன் காலை

டெஸ்டர் உள்ளே போகும் காற்றும் பீஸும் ஒரே சூட்டில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வாஷிங் மெஷினை விட்டு வந்த பீஸை உடனே லீக் டெஸ்ட் போட்டால் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் சூட்டாலேயே மாறும்.

புதுசு_க்யூஏ, புதன் காலை

எங்களிடம் வாஷிங் முடிந்ததும் அடுத்த ஸ்டேஷன் லீக் டெஸ்ட்தான். இன்றைக்கே பார்க்கிறேன். ரொம்ப நன்றி அக்கா, சார்.

போர்கேஜ்62, புதன் இரவு

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மதியம் ஒரு பீஸை மெஷினிலிருந்து எடுத்தவுடனே போர் பக்கத்தில் தொடு தெர்மாமீட்டரை வைத்தேன். 36 டிகிரி. போர் கேஜ் 62.020 காட்டியது. பத்து நிமிஷம் கழித்து 32.5 டிகிரி, 62.015. முக்கால் மணி நேரம் பெஞ்சில் கிடந்த பிறகு ஷாப் சூட்டுக்கு வந்துவிட்டது, 30 டிகிரி, 62.011. அப்புறம் ஏசி ரூமில் கிரானைட் மேல் வைத்துவிட்டு மூன்று மணி நேரம் வேறு வேலை பார்த்தேன். போய் அளந்தால் 22 டிகிரி, 62.000. ஒரே பீஸ். யாரும் தொடவில்லை. 20 மைக்ரான் போய்விட்டது.

ஏசி ரூமில் அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது. மூன்று மாதமாக எத்தனை பீஸை ஓவர்சைஸ் என்று ஸ்கிராப்பில் போட்டிருக்கிறோம் என்று மனதுக்குள் ஓடியது. அதில் பாதிக்கு மேல் நல்ல பீஸாக இருந்திருக்கும்.

அந்த மெஷினில் இருபது வருஷமாக நிற்கும் ஆப்பரேட்டர் அண்ணனிடம் சொன்னேன். அவர் சாதாரணமாகச் சொன்னார், மதியத்தில் அளந்தால் எப்பவும் பெரிசாகத்தான் காட்டும், அதனால் மதியம் ஆனால் இரண்டு மூன்று மைக்ரான் ஆஃப்செட்டைக் குறைத்து வைத்துக்கொள்வேன் என்று. ட்ரையல் அன்று நான் தொடக்கூடாது என்றதால் தொடவில்லையாம். ஏன் அண்ணா முன்னாடியே சொல்லவில்லை என்றேன். மீட்டிங்கில் என்னை யாரும் கூப்பிடலையே என்றார். பிரச்சினைக்குக் காரணங்களைப் பட்டியலிடும் மீன் முள் வரைபடம் போட்ட அன்று நாங்கள் ஆறு பேர் கான்ஃபரன்ஸ் ரூமில் இருந்தோம், அவர் மெஷினில் இருந்தார். அந்த வரைபடத்தில் இன்செர்ட், ஃபிக்ஸ்சர், ஸ்பிண்டில் பேரிங், காஸ்டிங் கடினம் என்று பதினெட்டு காரணம் எழுதியிருக்கிறோம். சூடு என்ற வார்த்தை எங்கேயும் இல்லை.

ட்ரையலில் கடைந்த 60 பீஸும் வரிசை எண் பஞ்ச் பண்ணிப் பத்திரமாக இருக்கிறது. எல்லாவற்றையும் ஏசி ரூமுக்கு ஏற்றிவிட்டேன். நாளைக் காலையில் அளக்கிறேன்.

பட்டறை_பழசு, புதன் இரவு

அந்த அண்ணனை வெள்ளிக்கிழமை ரிவ்யூவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் தம்பி. அவர் வாயால் சொல்லட்டும்.

ஆஃப்செட் பற்றி ஒன்று. மதியத்துக்கு இரண்டு மைக்ரான் குறைப்பது அனுபவத்தில் வந்த அறிவு, அதை மதிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு பீஸையும் சூடாக அளந்து, ஒவ்வொரு தடவையும் வித்தியாசத்தை ஆஃப்செட்டில் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் உங்கள் ஷாப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். தர நிபுணர் டெமிங் ஒரு புனலும் கோலிக்குண்டும் வைத்து இதைச் செய்து காட்டுவார். புனலைத் தொடாமல் விட்டால் குண்டு ஒரு வட்டத்துக்குள் விழும். ஒவ்வொரு தடவையும் விலகினதுக்கு நேர் எதிராகப் புனலை நகர்த்தினால் வேரியன்ஸ் (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) இரண்டு மடங்காகும், அதாவது திட்ட விலக்கம் 1.41 மடங்கு. திருத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டே கலைத்துக்கொண்டிருப்போம். கண்ட்ரோல் சார்ட் எல்லையைத் தாண்டினாலோ ஒரே பக்கம் தொடர்ந்து எட்டுப் புள்ளி விழுந்தாலோ மட்டும் ஆஃப்செட் என்று எழுதி மெஷினிலேயே ஒட்டிவிடுங்கள்.

போர்கேஜ்62, வியாழன் மதியம்

முடிவு வந்துவிட்டது.

ராத்திரி முழுக்க 22 டிகிரியில் கிடந்த பிறகு, ரிங்கையும் அதே டேபிளில் வைத்து அளந்தது.

பழைய இன்செர்ட் 30 பீஸ்: சராசரி 62.0009.
புது இன்செர்ட் 30 பீஸ்: சராசரி 62.0012.
இரண்டுக்கும் திட்ட விலக்கம் 3.5 மைக்ரான்.
பி மதிப்பு 0.74.

அந்த 4 மைக்ரான் காணவே இல்லை. மெட்ராலஜி சார் சொன்ன 3 டிகிரிதான். நேற்று மதியமும் இன்று காலையும் அதே நேரத்தில் பீஸை எடுத்துச் சரிபார்த்தேன். அளக்கும் நேரத்தில் மதியம் சராசரியாக 34, காலை 31.

இன்னும் மோசமானது, 60-ல் 23 பீஸ் 62.000-க்குக் கீழே. பேரிங் ஏன் டைட் என்று இப்போது யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஓவர்சைஸ், டைட் என்று இரண்டு 8டி ஓடிக்கொண்டிருந்தது, இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லிவிட்டேன். டிஸ்பாட்சுக்கு நின்ற ஸ்டாக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம், ஏசி ரூமில் ராத்திரி வைத்து நூறு சதவீதம் அளந்துதான் போகும். கஸ்டமரிடமும் இன்று போனில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன், அவர் நன்றாகவே எடுத்துக்கொண்டார், அவர்கள் இன்கமிங்கிலும் இதைப் பார்க்கப் போகிறார்களாம்.

ஓசூர்_சிக்ஸ்சிக்மா, வியாழன் மாலை

ரொம்ப அருமையாகச் செய்திருக்கிறீர்கள். திங்கட்கிழமை நான் எழுதியதைத் திருத்த வேண்டும். சிக்மாவே பெரிசு, 0.83-க்கு மேல் ஏறாது என்றேன். அந்த 6 மைக்ரானில் பெரும்பகுதி சூட்டுடையது, மெஷினுடையது 3.5 மட்டும்தான். 30-ஐ 21-ஆல் வகுத்தால் சிபி, அதாவது சராசரி நட்டநடுவில் இருந்தால் வரும் சிபிகே, 1.43. மெஷின் நல்ல மெஷின். சராசரி மட்டும் அடியில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் சிபிகே வெறும் 0.1. சராசரியை 14 மைக்ரான் ஏற்றி 62.015-ல் வைத்தால் சிபிகே 1.43. ஒரு ரூபாய் செலவில்லாமல் ஒரு ஆஃப்செட்.

ஆனால் இன்செர்ட்டை இதோடு தூக்கிப் போட வேண்டாம். சராசரி மாறுமா என்பது அதனிடம் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை, சராசரியை ஆஃப்செட் பார்த்துக்கொள்ளும். எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கு 30 பீஸ் போதாது, இந்த 3.5 மைக்ரான் சலசலப்பில் தேய்மானம் மூழ்கிவிடும். ஒவ்வொரு கிரேடிலும் 200 பீஸ் ஆஃப்செட் தொடாமல் ஓட்டி, ஐந்துக்கு ஒன்று எடுத்து, ஆறவைத்து அளந்து, பீஸ் எண்ணுக்கு எதிராக ரிக்ரஷன் கோடு, அதாவது புள்ளிகளுக்குப் பொருந்தும் நேர்கோடு, போடுங்கள். இரண்டு கோட்டின் சரிவையும் ஒப்பிடுங்கள். ஒன்றைக் காலையிலும் மற்றதை மதியத்திலும் ஓட்டாமல் இரண்டு நாள் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். மொத்த 200-உம் உள்ளே நிற்கும்படி, இன்செர்ட் தேயத் தேய போர் சின்னதாகும் என்பதைக் கணக்கில் வைத்து 62.015-க்குக் கொஞ்சம் மேலே ஆரம்பியுங்கள்.

டி டெஸ்ட் மேல் யாரும் கோபப்பட வேண்டாம் என்பதற்காக ஒன்று. அதைக் கண்டுபிடித்த காஸெட் டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர், ஸ்டூடண்ட் என்ற பெயரில் 1908-ல் வெளியிட்டார். பார்லியிலும் ஹாப்ஸிலும் கைக்குக் கிடைத்த நாலைந்து சாம்பிளை வைத்து முடிவெடுக்க வேண்டிய நிலைமை அவருக்கு. ஆனால் அந்த பார்லி எந்த வயலில் விளைந்தது, எப்படி வந்தது என்பதெல்லாம் அவர் கைக்குள் இருந்தது.

மெட்ராலஜி_அம்பத்தூர், வியாழன் இரவு

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது, இதைச் செய்யாவிட்டால் அடுத்த ஏப்ரலில் திரும்ப இங்கேயே வந்து நிற்போம். லைனில் ஒவ்வொரு பீஸையும் ராத்திரி முழுக்க ஆறவைக்க முடியாது. சிலர் ரிங்கைக் கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும், இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும் என்பார்கள். அலுமினிய பீஸுக்கு அது போதாது. ரிங் ஸ்டீல், ஒரு டிகிரிக்கு அலுமினியத்தில் பாதிதான் விரியும். இரண்டும் 30 டிகிரியில் இருந்தாலும் பீஸ் 7 மைக்ரான் பெரிசாகக் காட்டும்.

அதே காஸ்டிங்கில் ஒரு பீஸை எடுத்து, 62.015 பக்கத்தில் கடைந்து, மேற்பரப்பைக் கெட்டிப்படுத்த ஹார்ட் அனோடைஸ் பண்ணி, என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள லேபில் 20 டிகிரி அளவு வாங்கி, அதையே மாஸ்டராக வையுங்கள். மெஷின் பக்கத்தில் கூலன்ட் ஓடும் ஒரு தட்டில் மாஸ்டரும் கிடக்கட்டும், கடைந்த பீஸும் ஐந்து நிமிஷம் கிடக்கட்டும். இரண்டும் ஒரே உலோகம், ஒரே சூடு, விரிந்தால் இரண்டும் சேர்ந்து விரியும். அலுமினிய மாஸ்டர் சீக்கிரம் தேயும், மாதத்துக்கு ஒரு தடவை ஸ்டீல் ரிங்கோடு ஏசி ரூமில் ஒப்பிட்டு எழுதி வையுங்கள். பீஸைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டாம், உள்ளங்கைச் சூடே இரண்டு மைக்ரான் கொடுக்கும்.

அதற்கப்புறம் ஆர் அண்ட் ஆரை லைனில், அந்தத் தட்டுப் பக்கத்தில், காலையில் ஒரு தடவையும் மதியம் ஒரு தடவையும் போடுங்கள்.

பட்டறை_பழசு, வெள்ளி காலை

சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவிலேயே முதலாவது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து சப்ளையர் யூனிட்களுக்கு எல்லாம் அதன் சூடு பரவியது. எங்கள் ஷாப்பில் அப்போது பயிற்சி கொடுக்க வந்தவர் முதல் இரண்டு நாள் பேனாவையே எடுக்கவில்லை. மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆப்பரேட்டர் கேஜை எப்படிப் பிடிக்கிறார், பீஸை எங்கே வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது நாள்தான் சார்ட் போட ஆரம்பித்தார். நீங்கள் புதன்கிழமை தெர்மாமீட்டரோடு நின்றதைப் படித்தபோது அவர் ஞாபகம் வந்தது தம்பி. இன்றைக்கு ரிவ்யூ எப்படிப் போனது என்று எழுதுங்கள்.

போர்கேஜ்62, வெள்ளி இரவு

ரிவ்யூ முடிந்தது. ஆப்பரேட்டர் அண்ணனும் வந்திருந்தார். திங்கட்கிழமை எழுதின ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கிவிட்டேன் என்று முதலில் சொன்னேன், அப்புறம் ஒரே பீஸின் நாலு அளவையும் போர்டில் எழுதினேன். 36-ல் 62.020, 32.5-ல் 62.015, 30-ல் 62.011, 22-ல் 62.000. மேனேஜர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணனிடம் திரும்பி, மதியத்தில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டார். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். மாதவாரியாக எழுதி வைத்திருக்கிறார். மார்கழியில் ஒன்று, சித்திரையில் மூன்று. எங்கள் யாருக்கும் அந்த நோட்டு இருப்பதே தெரியாது.

இன்செர்ட் ஆர்டர் இப்போதைக்கு நிறுத்தம், 200 பீஸ் ட்ரையல் அடுத்த வாரம் இரண்டு கிரேடையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். மாஸ்டருக்கான காஸ்டிங் டூல் ரூமில் ஏறிவிட்டது. கூலன்ட் தட்டை அண்ணனே வெல்டிங் ஷாப்பில் சொல்லிச் செய்யச் சொல்லியிருக்கிறார், பீஸ் உருளாமல் நிற்க இரண்டு பக்கமும் மடித்து. ஸ்கிராப் யார்டில் இன்னும் அனுப்பாமல் கிடந்த ஓவர்சைஸ் பீஸில் 140 திரும்பக் கிடைத்தது, அவை இப்போது ஏசி ரூமில் ஆறிக்கொண்டிருக்கின்றன, நாளைக் காலை ஷிஃப்டில் அளப்போம்.

புதுசு_க்யூஏ, வெள்ளி இரவு

சார், எங்கள் லீக் டெஸ்ட் பீஸும் வாஷிங்கை விட்டு வரும்போது 45 டிகிரி. பிரஷர் டிராப் எண்களை இன்று முழுக்க வரிசையாக எழுதியிருக்கிறேன். தனி இழையாகப் போடுகிறேன், நீங்கள் எல்லாரும் வந்து பார்க்க வேண்டும்.